கேள்வி – பதில்: ‘பஷெர்ட்’ என்னும் கொடுப்பினை

சென்ற இதழில், வேறு மொழிக்குள் எளிதில் நுழையாத சொற்களைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் வழங்கும் ‘பஷெர்ட்’ என்ற சொல்லை இரண்டே வரிகளில் குறிப்பிட்டிருந்தேன். பிறப்பதற்கு முன்பே ஒருவருக்கென்று குறிக்கப்பட்ட துணை என்று அதற்குப் பொருள் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிகளையொட்டி வந்த கடிதங்களில் சில ஆர்வத்தால் எழுதப்பட்டவை. ஒன்றிரண்டு, படித்து முடித்தபின் சற்று நேரம் அடுத்த வேலையைத் தொடவிடாதவை. ஆகவே இம்முறை பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு சொல்லுக்கே தருகிறேன்.

கேள்வி: ‘பஷெர்ட்’ என்பதைத் தமிழில் ‘விதி’ என்று சொல்லிவிடலாமா? திருமணத்துக்கு மட்டும்தான் அந்தச் சொல் வழங்குகிறதா?

பதில்: ‘விதி’ என்றால் பாதிப் பொருள்தான் வரும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்களிடையே, அன்றைய ஜெர்மன் பேச்சுவழக்கோடு எபிரேயமும் அரமேயமும் கலந்து உருவான மொழி இத்திஷ். அம்மக்கள் கிழக்கே போலந்து, லித்துவேனியா, உக்ரைன் பகுதிகளில் குடியேறியபோது ஸ்லாவியச் சொற்களையும் சேர்த்துக்கொண்டு, எபிரேய எழுத்துகளிலேயே எழுதப்பட்டு வந்தது. சமயம் சார்ந்த சொற்கள் பெரும்பாலும் அதில் எபிரேயமாகவே இருக்கும். ‘பஷெர்ட்’ அப்படிப்பட்டதன்று; ஜெர்மன் வழி வந்த வீட்டுச் சொல். இன்றைய ஜெர்மன் மொழியில் உள்ள ‘பெஷேரன்’ என்ற வினை அதன் உடன்பிறப்பு. அன்பளிப்பாக வழங்குதல் என்பது அதன் பொருள். கிறிஸ்துமஸ் மாலையில் பிள்ளைகளுக்குப் பரிசு தருவதை அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். எனவே எழுதப்பட்டது என்பதைவிடக் கொடுக்கப்பட்டது என்பதே இச்சொல்லின் அடிப்பொருள். நம் மொழியில் ‘கொடுப்பினை’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் இதற்கு மிக அருகில் நிற்பது. ‘அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை’ என்று நாம் சொல்லும்போது அதில் கசப்பைவிட ஏக்கம் மிகுந்திருக்கும். இத்திஷ் பேசுவோர் வாயிலும் அந்தச் சொல்லுக்கு அதே குரல்தான்.

ஒருவருக்கென்று வாய்த்த ஆணைப் ‘பஷெர்ட்டர்’ என்பார்கள், பெண்ணைப் ‘பஷெர்ட்டே’ என்பார்கள். ஆனால் சொல் திருமணத்தோடு நின்றுவிடுவதில்லை. கை நழுவிய வேலை, எதிர்பாராமல் அமைந்த வீடு, தவறவிட்ட வண்டி, ஒருவரின் மரணம் என எல்லாவற்றுக்கும் ‘பஷெர்ட்டாக இருந்தது’ என்பார்கள். இறந்தகாலத்தைக் கவனியுங்கள். நடந்து முடிந்த ஒன்றைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும்போதே இந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது. இனி நடக்கப்போவதை நோக்கி இதைப் பயன்படுத்தினால் என்னென்ன தொல்லை வரும் என்பது கீழே வேறொரு கேள்விக்கான பதிலில் வரும்.

எபிரேயத்தில் இதே கருத்துக்கு ‘ஸிவுக்’ என்று பெயர். இணை சேர்த்தல் என்று பொருள். அதன் வேரான ‘ஸூக்’ கிரேக்கத்திலிருந்து எபிரேயத்துக்கு வந்த சொல். அங்கே அது நுகத்தில் பூட்டிய இரட்டையைக் குறிக்கும். வீட்டு மொழியில் கொடுப்பினை, கல்வி மொழியில் நுகம். இந்த மரபில் வாழ்க்கைத்துணையைப் பற்றி எழுந்த வாதங்கள் அனைத்தும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நடப்பவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

கேள்வி: இந்த நம்பிக்கை பைபிளிலேயே உள்ளதா? யார் முதலில் சொன்னார்கள்?

பதில்: பைபிளில் கொள்கையாக இல்லை, கதையாக இருக்கிறது. ஆதியாகமத்தின் 24ஆம் அதிகாரத்தில், ஈசாக்குக்குப் பெண் தேடிச் சென்ற ஆபிரகாமின் ஊழியர் ஊர்க் கிணற்றருகே நின்று, எனக்கும் என் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் தருகிறேன் என்று எந்தப் பெண் சொல்கிறாளோ அவளே நீர் குறித்து வைத்தவள் என்று வேண்டுகிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தோளில் குடத்தோடு ரெபெக்காள் வருகிறாள். பின்னர் அவளுடைய வீட்டார், இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது என்று ஒப்புக்கொள்கிறார்கள். பிற்கால அறிஞர்கள் இந்த வசனத்தையும், சிம்சோனின் திருமணத்தைப் பற்றி நியாயாதிபதிகள் நூலில் வரும் ஒரு வசனத்தையும், புத்தியுள்ள மனைவி கர்த்தர் அருளும் ஈவு என்ற நீதிமொழிகள் வரியையும் சேர்த்து, துணை தெய்வத்திடமிருந்து வருகிறது என்பதற்குச் சான்றாகக் காட்டினார்கள்.

கொள்கையாக அது உருவெடுத்த இடம் பாபிலோனியத் தல்மூத்; யூத அறிஞர்களின் சட்ட வாதங்களையும் கதைகளையும் திரட்டிய பெருநூல் அது. மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த ராவ் என்ற பேராசான் சொன்னதாக அவருடைய மாணவர் ரபீ யெகூதா (ரபீ என்றால் யூத சமய ஆசான்) கூறும் வாக்கு இது: கரு உருவாவதற்கு நாற்பது நாள் முன்பு ஒரு ‘பத் கோல்’ புறப்பட்டு, இன்னாருடைய மகள் இன்னாருக்கு, இன்னாருடைய வீடு இன்னாருக்கு, இன்னாருடைய வயல் இன்னாருக்கு என்று அறிவிக்கிறது. ‘பத் கோல்’ என்றால் எழுத்துக்கு எழுத்து ‘குரலின் மகள்’. நாம் அசரீரி என்போமே, அதுவே. கருவுற்ற முதல் நாற்பது நாட்களை வெறும் நீர் நிலை என்று கருதியவர்கள் தல்மூத் அறிஞர்கள். எனவே உருவம் திரள்வதற்கு நாற்பது நாள் முன் என்பதைக் கருவுறும் கணம் என்றே கொள்ளலாம் என்பாரும் உண்டு. மனைவியோடு வீடும் வயலும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைப் பலர் மேற்கோள் காட்டும்போது விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஒருவர் வாழப்போகும் கூரையும் அவருக்குச் சோறு போடப்போகும் மண்ணும் சேர்ந்ததே அந்தக் கொடுப்பினை.

இந்த வாக்கு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சோத்தா’ என்பது தல்மூதின் ஒரு பகுதி. மனைவியின் நடத்தையில் கணவன் ஐயம் கொண்டால் என்ன செய்வது என்பதைப் பேசுவது. உடைந்துகொண்டிருக்கும் ஓர் இல்லறத்தைப் பற்றிய அந்தப் பகுதியின் இரண்டாம் ஏட்டிலேயே, விண்ணில் நிச்சயிக்கப்படும் இணையைப் பற்றிய வாதத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ரேஷ் லாக்கிஷ் என்ற அறிஞர் இந்தப் பகுதியைப் பாடம் சொல்லத் தொடங்கும்போதெல்லாம், ஒருவனுடைய செயல்களுக்கேற்பவே அவனுக்கு மனைவி வாய்க்கிறாள் என்று சொல்வாராம். ரபீ யோகனான் சொன்னதாக வரும் வாக்கோ, இருவரை இணைப்பது, எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலருக்கு வழிவிடச் செங்கடலைப் பிளந்ததைப் போலக் கடினம் என்கிறது. தல்மூத் உடனே குறுக்கிடுகிறது: கரு உருவாகும் முன்பே அசரீரி அறிவித்துவிடுகிறது என்றால் செயலுக்கு ஏது இடம், கடினத்துக்கு ஏது இடம்? முரண் இல்லை, அது முதல் இணைக்கு, இது இரண்டாம் இணைக்கு என்று அதே ஏடு விடையும் தருகிறது. அந்த விடை சிறியது. அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம்.

கேள்வி: கடவுளே இணை சேர்த்துவிட்டார் என்றால் யூதர்கள் ஏன் தரகர் வைத்துப் பெண் பார்க்கிறார்கள்? சும்மா இருந்தாலே நடந்துவிடாதா?

பதில்: இந்தக் கேள்வி பழையது, அவர்களே கேட்டுக்கொண்டது. தல்மூதின் ‘மோயேத் காத்தான்’ பகுதியில் ஒரு சட்டச் சிக்கல் வருகிறது. திருவிழாவின் இடைநாட்களில் திருமணம் செய்யக்கூடாது; ஆனால் நிச்சயம் செய்யலாம், இல்லாவிட்டால் வேறொருவர் முந்திக்கொள்ளக்கூடும் என்கிறார் சாமுவேல் என்ற அறிஞர். இன்னாருடைய மகள் இன்னாருக்கு என்று ஒவ்வொரு நாளும் அசரீரி அறிவிக்கிறது என்று சொன்னவரும் அவரேதான். அப்படியானால் முந்திக்கொள்வார் என்ற அச்சம் எதற்கு? வேறொருவர் இறைவனிடம் இரந்து வேண்டி முந்திக்கொள்ளலாம் என்பது விடை. பிரார்த்தனை தீர்ப்பையே மாற்றிவிடலாம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்த காட்சி இன்னும் கூர்மையானது. நான்காம் நூற்றாண்டு ஆசான் ராவா, குறிப்பிட்ட ஒரு பெண்ணே தனக்கு வாய்க்க வேண்டும் என்று ஒருவன் வேண்டிக்கொண்டிருப்பதைக் கேட்கிறார். அப்படி வேண்டாதே என்கிறார். அவள் உனக்குரியவள் என்றால் உன்னைவிட்டுப் போகமாட்டாள், இல்லையென்றால் வேண்டியது பலிக்காமல் நீ கடவுளையே மறுக்கத் தொடங்குவாய் என்று காரணமும் சொல்கிறார். அவன் கேட்கவில்லை. பிறகொரு நாள் அதே மனிதன், ஒன்று அவளுக்கு முன் நான் சாக வேண்டும், அல்லது எனக்கு முன் அவள் சாக வேண்டும் என்று வேண்டுவது ராவாவின் காதில் விழுகிறது. உனக்கு அன்றே சொன்னேன் அல்லவா என்கிறார். ‘பஷெர்ட்’ என்ற கருத்தை எதிர்காலத்தின்மேல் ஏவினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. இவள்தான் என்று முன்கூட்டியே முடிவுகட்டிய ஒருவனின் அன்பு, அவளுடைய சாவை வேண்டுமளவுக்குத் திரிந்துவிட்டது.

சும்மா இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். யூதச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஒரு பெண்ணைக் கண்ணால் பார்க்காமல் நிச்சயம் செய்யக்கூடாது என்று தல்மூத் விதிக்கிறது. பார்த்தபின் மனம் ஒட்டாமல் போனால் அது இருவருக்கும் கேடு. ரெபெக்காளின் கதையிலும் பாருங்கள். கர்த்தரால் வந்தது என்று ஒப்புக்கொண்ட அதே வீட்டார் மறுநாள், பெண்ணை அழைத்து அவள் வாயால் கேட்போம் என்கிறார்கள். “இந்த மனிதனோடு போகிறாயா?” என்று கேட்கிறார்கள், “போகிறேன்” என்கிறாள். பெண்ணின் சம்மதமின்றி அவளை மணம் முடிக்கலாகாது என்ற விதியைப் பதினோராம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி இந்த இடத்திலிருந்துதான் எடுத்துக் காட்டுகிறார். கடவுள் குறித்து வைத்தவளாகவே இருந்தாலும் அவளைக் கேட்டாக வேண்டும்.

1204ஆம் ஆண்டு மறைந்த யூதச் சட்ட, தத்துவ மாமேதை மைமோனிதீஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இன்ன பெண்ணை மணப்பது முன்விதிக்கப்பட்டது என்பதை அவர் ஏற்கவில்லை. முறைப்படி மணம் செய்வது அறம். அறம் செய் என்று கட்டளையிடும் கடவுள், அதை நீ செய்தே தீர வேண்டும் என்று விதித்துவிட்டால் கட்டளைக்கே பொருள் இல்லை என்பது அவர் வாதம். முறைகேடான மணம் என்றால் அது பாவம்; பாவத்தையும் கடவுள் விதிப்பதில்லை. யூத சமயத்தைத் தழுவிய ஒபதியா என்பவருக்கு எழுதிய பதிலில், அசரீரியைப் பற்றிய வாக்கைத் தகுதிக்குக் கிடைக்கும் பலனாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று விளக்குகிறார். இவரை நம்பிக்கையற்றவர் என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. விதியை மறுத்தவரும் விதியைப் பாடியவரும் ஒரே படிப்பறையின் மேசையில் அருகருகே இருக்கிறார்கள்.

தரகரைப் பற்றி ஒரு வார்த்தை. இணை சேர்த்து வைப்பதை ‘ஷித்தூக்’ என்றும் சேர்ப்பவரை ‘ஷத்கன்’ என்றும் அழைப்பார்கள். 1427இல் மறைந்த மாகரில் என்ற ஜெர்மானிய ரபீ, தம் காலத்தின் தலைசிறந்த சட்ட அறிஞர். அவரே சிறந்த ஷத்கனாகவும் பெயர் பெற்றிருந்தார். அசரீரி சொன்னதை மண்ணில் கண்டுபிடிப்பதைக் கற்றவர்களே செய்யத் தகுந்த பணி என்று ஒரு சமூகம் நினைத்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

கேள்வி: இரண்டு உடல், ஓர் ஆன்மா என்கிறார்களே, அதுவும் யூத மரபிலிருந்து வந்ததா?

பதில்: யூத மரபிலும் உண்டு. மித்ராஷ் என்னும் பழைய விளக்க நூல்களில், முதல் மனிதன் இரு முகங்களோடு, ஒரு பக்கம் ஆணும் மறுபக்கம் பெண்ணுமாகப் படைக்கப்பட்டான். பிறகு கடவுள் நடுவே அறுத்து இரு முதுகுகளாகப் பிரித்தார் என்று ஒரு கருத்து வருகிறது. கிரேக்கத்தில் பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலிலும் இதை ஒத்த கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிவந்த ஸோகர் என்னும் மறைஞான நூல், ஆன்மாக்கள் ஆணும் பெண்ணுமாக இணைந்தே இருக்கின்றன என்றும், உலகுக்கு இறங்கும்போது பிரிகின்றன என்றும், அவற்றை மீண்டும் சேர்க்கத் தெரிந்தவர் இறைவன் ஒருவரே என்றும் சொல்கிறது. இந்தக் காலத்து ‘ஆன்மத் துணை’ என்ற பேச்சுக்கு மிக நெருக்கமானது இதுதான். எனினும் ஸோகரிலும் அந்தச் சேர்க்கை தானாக நடப்பதில்லை. ஒருவன் நேர்வழியில் நடந்தால்தான் நடக்கும் என்றே வருகிறது.

கேள்வி: எனக்கு முதல் திருமணம் முறிந்துவிட்டது. இப்போது ஒருவர் என்னை மணக்க விரும்புகிறார். எனக்கும் அவரைப் பிடித்திருக்கிறது. முதலாவது ‘குறிக்கப்பட்டது’ என்றால் இது என்ன? இது குறிக்கப்பட்டது என்றால் அந்த ஆறு ஆண்டுகள் என்ன? (ஒரு வாசகி)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை முதலில் படித்தேன், பதிலைக் கடைசியாகத்தான் எழுத முடிந்தது.

முன்பு சொன்ன சோத்தா ஏட்டுக்குத் திரும்ப வேண்டும். அசரீரி அறிவிப்பது முதல் இணை. செங்கடலைப் பிளப்பதைப் போன்றது இரண்டாம் இணை. நேராகப் படித்தால் இரண்டாம் இணை என்பது இரண்டாம் திருமணம். அதைக் குறைந்தது என்று தல்மூத் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவது அறிவிப்பால் நடக்கிறது, இரண்டாவது அற்புதத்தால் நடக்கிறது என்று சொல்கிறது; இவற்றுள் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் வாழ்ந்த மறைஞானி ஈசாக் லூரியாவின் மரபு இதற்கு வேறொரு பொருள் தருகிறது. உலகுக்கு முதல்முறையாக வரும் ஆன்மாவுக்கு அதன் துணை எளிதில் கிடைத்துவிடும். குறையைத் தீர்க்க மறுபிறவி எடுத்து வரும் ஆன்மாவுக்காக, வரத் தேவையே இல்லாத அதன் துணையும் மீண்டும் ஒருமுறை உலகுக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. அதுதான் கடலைப் பிளப்பது. இரண்டாம் இணை என்றால் முதல் திருமணம் இரண்டாம் திருமணம் என்ற கணக்கே அல்ல என்பது அவர்கள் கருத்து.

அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மணமுறிவை யூதச் சட்டம் மோசேயின் காலத்திலிருந்தே அனுமதிக்கிறது. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய யூதர்களின் தலைவராக விளங்கிய ரபீ கெர்ஷோம், மனைவி இசையாமல் அவளை விலக்கக்கூடாது என்று தடையாணை பிறப்பித்தார் என்பது மரபு. அனுமதித்தாலும், முதல் மனைவியை விலக்குபவனுக்காகப் பலிபீடமே கண்ணீர் வடிக்கிறது என்றும் தல்மூத் சொல்கிறது. பாவம் என்று சபிக்கவில்லை, குறிக்கப்படாதது என்று அழிக்கவுமில்லை. கல்லால் ஆன பீடம் அழுகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. முறிந்த ஒன்றுக்காக அழலாம், ஆனால் அதைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை என்று நான் அதைப் படிக்கிறேன்.

தாவீதையும் பத்சேபாளையும் பற்றித் தல்மூதில் வரும் ஒரு வரியும் நினைவுக்கு வருகிறது. பிறர் மனைவியாக இருந்த பத்சேபாளைத் தாவீது கவர்ந்துகொண்டதைப் பேசும் இடத்தில், உலகம் படைக்கப்பட்ட ஆறு நாட்களிலேயே அவள் தாவீதுக்கென்று குறிக்கப்பட்டவள், ஆனால் அவன் அவளைக் காயாகவே பறித்துத் தின்றுவிட்டான் என்கிறார்கள். உண்மையிலேயே கொடுப்பினையாக இருந்த ஒன்றும், காலம் கனியாமல் பறிக்கப்பட்டால் குற்றமாகிவிடும். ‘குறிக்கப்பட்டது’ என்பது எந்தச் செயலுக்கும் நியாயம் ஆகிவிடாது என்று இந்த மரபு தன் மாபெரும் மன்னனை வைத்தே சொல்லியிருக்கிறது. உங்கள் நிலை அதற்கு நேர்மாறானது, நீங்கள் காத்திருந்தீர்கள்.

இன்னும் ஒன்று. அதே சோத்தாப் பகுதியில் முப்பத்தேழாம் ஏட்டில் செங்கடல் மீண்டும் வருகிறது. கடற்கரையில் நின்ற இஸ்ரவேல் கோத்திரத்தார் ஒவ்வொருவரும், நான் முதலில் இறங்கமாட்டேன் என்று தயங்கி நின்றபோது நகசோன் என்பவர் தண்ணீருக்குள் இறங்கினார் என்கிறது அது. இணை சேர்ப்பதைக் கடல் பிளப்பதற்கு ஒப்பிட்ட நூலே, அந்தக் கடலுக்குள் முதலில் ஒரு மனிதக் கால் இறங்கியது என்றும் எழுதி வைத்திருக்கிறது.

கேள்வி: மணமே செய்துகொள்ளாதவர்களுக்கு இந்த மரபில் இடம் உண்டா?

பதில்: எளிதான இடம் இல்லை; இல்லறம் அவர்களுக்குக் கடமை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் பென் அஸ்ஸாய், திருமணத்தின் கடமையைப் பற்றி மிக அழகாகப் பேசியவர், தாம் மணம் செய்துகொள்ளவில்லை. நன்றாகப் போதிக்கிறீர், நன்றாகக் கடைப்பிடிக்கவில்லையே என்று சக அறிஞர்கள் கேட்டபோது, நான் என்ன செய்வேன், என் உயிர் தோரா என்னும் வேதத்தின்மேல் காதல் கொண்டுவிட்டது, உலகத்தைப் பிறர் நிலைநிறுத்தட்டும் என்றார். அவருடைய பெயரும் அவருடைய பாடங்களும் மற்றவர்களுடையவற்றைப் போலவே மதிப்போடு காக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: பிள்ளைகள் பிறக்கும் முன்பே பெற்றோர் சம்பந்தம் பேசி முடிப்பதும் இதே நம்பிக்கையின் விளைவுதானே? அதைச் சட்டம் ஒப்புக்கொண்டதா?

பதில்: மிக இளம் வயதில் நிச்சயம் செய்யும் வழக்கம் ஐரோப்பிய யூதர்களிடையே இருந்தது. ஹாம்பர்க் நகரில் பிறந்து, இத்திஷ் மொழியில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதிவைத்த கிளிக்கல் என்ற பதினேழாம் நூற்றாண்டுப் பெண்மணிக்குப் பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே நிச்சயம் ஆயிற்று, பதினான்கு வயதில் மணமாயிற்று. மகள் வளர்ந்து, இன்னாரை விரும்புகிறேன் என்று தானே சொல்லும் வரை தந்தை அவளை நிச்சயம் செய்யக்கூடாது என்ற தல்மூத் வாக்கு இருந்தும், நாடற்ற வாழ்வின் நெருக்கடியைக் காரணம் காட்டி இடைக்கால அறிஞர்கள் அதைத் தளர்த்தினார்கள். கிளிக்கலின் இல்லறம் நன்றாக அமைந்தது. ஆனால் அதைக் கொண்டு அந்த வழக்கத்தை நியாயப்படுத்த என் மனம் இசையவில்லை.

பிறவாத பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரு நாடகமே விடை வைத்திருக்கிறது. 1912 முதல் 1914 வரை வொலீனியா, பொதோலியா பகுதிகளின் யூதச் சிற்றூர்களில் கதைகளையும் பாடல்களையும் சேகரித்து அலைந்த அன்ஸ்கி எழுதிய ‘திப்புக்’ அது. அவர் இறந்து முப்பதாம் நாள் முடிவில், 1920 டிசம்பர் 9 அன்று, வார்சாவில் இத்திஷ் மொழியில் முதன்முதலாக மேடையேறியது. இளமையில் இரு நண்பர்கள், நம் மனைவியருக்கு ஆணும் பெண்ணுமாகப் பிறந்தால் சம்பந்தம் செய்வோம் என்று கைகொடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் இறந்துபோகிறார், மற்றவர் செல்வந்தராகி, தம் மகளுக்கு வேறு வசதியான மாப்பிள்ளை பார்க்கிறார். இறந்தவரின் மகன் அந்தச் செய்தி கேட்டு உயிர்விட்டு, ஆவியாக அந்தப் பெண்ணின் உடலுக்குள் புகுந்துவிடுகிறான். இறந்த தந்தையே வழக்காளியாக வரும் ஒரு சமய நீதிமன்றக் காட்சி அதில் உண்டு. இன்னும் உலகுக்கு வராத ஒன்றின்மேல் செய்த ஒப்பந்தம் தோராவின் சட்டப்படி செல்லாது என்பது அங்கே கூறப்படும் தீர்ப்பின் ஒரு பகுதி. இது நாடகாசிரியரின் கற்பனையன்று. யூதச் சொத்துச் சட்டத்தின் உண்மையான விதி. பிறவாதவர்களைக் குறித்து வாக்களிக்க அசரீரிக்கு உரிமை உண்டு, அப்பாக்களுக்கு இல்லை.

கேள்வி: இத்திஷ் பேசிய மக்களில் பெரும்பகுதியினர் நாசிகளால் கொல்லப்பட்டார்கள். அதன்பின்னும் ‘பஷெர்ட்’ என்ற சொல்லை அவர்களால் எப்படிச் சொல்ல முடிந்தது?

பதில்: இரண்டாம் உலகப் போருக்கு முன் இத்திஷ் பேசியோர் ஒரு கோடிக்கும் மேல். கொல்லப்பட்ட அறுபது லட்சம் யூதர்களில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி அது. ஒருவர் உயிர்பிழைத்ததைப் ‘பஷெர்ட்’ என்று சொன்னால், பிழைக்காதவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அதற்கு விடை சொல்லும் தகுதி எனக்கில்லை. உங்களுக்கு ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்தது. உயிரோடிருந்தவர்களுக்காக அருகிலேயே அமைக்கப்பட்ட அகதி முகாம் 1950 வரை இருந்தது. அங்கே 1946ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதத் திருமணங்கள் நடந்தன. கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ இழந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். முதல் இணை, இரண்டாம் இணை என்று ஏட்டில் படித்த சொற்கள் அந்தத் திருமண விதானங்களின் கீழ் என்ன எடை பெற்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். அந்த அகதி முகாமில் இருந்த பெண் ஒருவர் வெள்ளை உடையில்தான் மணப்பெண்ணாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜெர்மன் விமானி ஒருவரிடமிருந்து, காப்பிக்கொட்டையும் சிகரெட்டும் கொடுத்து ஒரு பாராசூட் வாங்கப்பட்டது. முகாமிலிருந்த ஒரு தையற்காரப் பெண் அதை வெட்டித் திருமண ஆடையாகத் தைத்தார். மீந்த துணியில் மாப்பிள்ளைக்குச் சட்டை. 1946 ஜனவரியில், அருகிலுள்ள ‘செல்லே’ என்ற நகரத்து ஜெபாலயத்தில் அந்தத் திருமணம் நடந்தது. அதன்பின் அந்த ஆடையை அந்தப் பெண்ணின் தங்கை அணிந்தார், பிறகு உறவுக்காரப் பெண், பிறகு முகாமின் வேறு பல மணப்பெண்கள்.

தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற பழைய சட்டத் தொகுப்பில் ‘தானீத்’ என்ற பகுதியின் கடைசிப் பத்தி எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் பதினைந்தாம் நாளிலும் பாவநிவாரண நாளிலும் எருசலேமின் கன்னிப் பெண்கள் வெள்ளை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் நடனமாடுவார்கள். துணை தேடும் இளைஞர்கள் அங்கே வருவார்கள். அந்த வெள்ளை ஆடை இரவல் ஆடையாகத்தான் இருக்க வேண்டும், சொந்த ஆடை இருப்பவளும் இரவலே வாங்கி உடுத்த வேண்டும் என்பது விதி. ஆடை இல்லாதவள் நாணக்கூடாது என்பது காரணம். அரசனின் மகள் தலைமைக் குருவின் மகளிடம் இரவல் வாங்குவாள், அவள் அடுத்தவளிடம் வாங்குவாள் என்று தல்மூத் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. பாராசூட் துணியில் தைத்த அந்த ஆடை பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.